மீட்டர் 12.5 காட்டுகிறது, லைட் அழுது வடிகிறது: பழைய காருக்கு வாங்கிய டெஸ்ட் லேம்ப் எப்படி?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் வைத்திருக்கிறீர்கள், ஒரு பக்க ஹெட்லைட் அழுது வடிகிறது, பிரேக்கை மிதித்தால் கேட்காமலேயே இண்டிகேட்டர் எட்டிப் பார்க்கிறது என்றால், புது பல்ப் வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது ஊசியால் தொட்ட இடத்தில் கரண்ட் ஓடினால் எரிகிற கைப்பிடி விளக்கு, வாங்குங்கள். அதிலும் உள்ளே எல்இடி வைத்த புது ரகம் வேண்டாம், இழை பல்ப் போட்ட பழைய ரகம். நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்தவன். முதலில் ஒரு ஜோடி பல்ப், அப்புறம் ஹெட்லைட் சுவிட்ச், அப்புறம் டிஜிட்டல் மல்டிமீட்டர், அப்புறம் எல்இடி டெஸ்ட் லேம்ப், எல்லாம் வாங்கி ஓய்ந்த பிறகுதான் இந்தச் சாதாரணச் சாமான் கைக்கு வந்தது. எல்லாமே இப்போது டூல் பாக்ஸில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிடப்பதால், எது வேலைக்கு ஆகும் எது ஆகாது என்று ஒப்பிட்டுச் சொல்கிற தகுதி எனக்கு வந்துவிட்டது.

கார் 1960-களின் நடுவில் வந்த ஒரு பிரிட்டிஷ் கார். மாடல் பெயர் வேண்டாம், ஏனென்றால் இது அந்த காரின் குறை இல்லை, அறுபது வருஷம் ஓடிய எந்த காருக்கும் வரக்கூடியதுதான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பாடி முழுக்கப் பிரித்துப் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று கொடுத்தார். அந்தப் பளபளப்பிலேதான் வில்லங்கம் இருந்தது என்பது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது.

கோளாறு இதுதான். லோ பீம் போட்டால் வலது பக்கம் ஓரளவு சரியாக எரியும், இடது பக்கம் பழுத்த மஞ்சளில் முனகும். கூடவே டேஷ்போர்டில் ஹை பீமுக்கான நீல விளக்கு, லோ பீமில் இருக்கும்போதே, லேசாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அந்த நீலப் பொட்டை நான் தினமும் பார்த்தேன். பழைய கார் என்றால் இப்படித்தான் ஏதாவது எரியும் என்று விட்டுவிட்டேன். விடை முழுக்க அதற்குள்தான் இருந்தது.

பல்ப் மாற்றினேன், அதே மஞ்சள். இடது பல்பை வலதில் போட்டால் அங்கே நன்றாக எரிந்தது. சுவிட்ச் மாற்றினேன், அதே மஞ்சள். சரி, இனி அறிவியல்பூர்வமாகப் பார்ப்போம் என்று மல்டிமீட்டர் வாங்கினேன். நல்ல மீட்டர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடது பல்பைக் கழற்றி, ஹோல்டரில் லோ பீம் முனையிலும் எர்த் முனையிலும் (எர்த் என்றால் கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி) குச்சிகளை வைத்தேன். 12.5 வோல்ட். பேட்டரியில் வைத்தேன், அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். பீப் சத்தம் போடும் இடத்துக்குத் திருப்பி எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன், கம்பீரமாகப் பீப் அடித்தது. ஒயர் சரி, எர்த் சரி, பல்ப் சரி, சுவிட்ச் புதுசு. லைட் மட்டும் ஒழுங்காக எரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம் அளவுக்கு இருக்கும், அதாவது அது அளக்கும்போது கரண்ட் ஏறக்குறைய இழுப்பதே இல்லை. கரண்ட் ஓடாத இடத்தில் துருப்பிடித்த இணைப்பும் நல்ல இணைப்பு போலத்தான் நடந்துகொள்ளும். ஒயரில் முப்பது நாற்பது இழை அறுந்து ஒரே ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டரில் 12.5 வரும். ஆனால் 55 வாட் ஹெட்லைட் பல்ப் சுமார் 4.6 ஆம்பியர் கேட்கும். துருப்பிடித்த இணைப்பு அதைத் தருமா? குழாயைத் திறக்காமல் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு டேங்க் நிறையத் தண்ணீர் வரும் என்று நம்புவது மாதிரிதான் நான் செய்தது. பீப் சத்தமும் அப்படித்தான், என் மீட்டர் சில பத்து ஓம் வரைக்கும் தாராளமாகப் பீப் அடிக்கும். ஹெட்லைட் லைனில் அரை ஓம் இருந்தாலே கதை முடிந்தது.

எல்இடி டெஸ்ட் லேம்ப் பற்றி ரெண்டு வரி போதும். அதுவும் சில மில்லி ஆம்பியரில் பளிச்சென்று எரிந்துவிடும், அதனால் மீட்டர் செய்த அதே தப்பை வெளிச்சம் போட்டுச் செய்யும். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புது கார்களில் அது தேவைதான், அங்கே இழை பல்ப் டெஸ்ட் லேம்பைக் கண்ட ஒயரில் குத்தினால், அது இழுக்கும் கரண்டில் ஏதாவது எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். நம் காரில் எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்ல எதுவும் கிடையாது, பயப்படாமல் குத்தலாம்.

இப்போது நாயகனுக்கு வருவோம். பார்க்க ஒன்றும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் கைப்பிடி, முன்னால் ஊசி, உள்ளே 5 வாட் குட்டி பல்ப், பின்னால் சுருள் ஒயர், அதன் நுனியில் முதலை கிளிப். கிளிப்பை பாடியில் மாட்டி ஊசியால் கரண்ட் வரும் முனையைத் தொட்டால் எரியும், எல்லோரும் இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். பலர் செய்யாத வேலை, கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டிவிட்டு ஊசியால் எர்த்தைத் தொட்டுப் பார்ப்பது. எர்த் நன்றாக இருந்தால் பேட்டரியில் நேராக வைத்த மாதிரியே வெள்ளையாக எரிய வேண்டும். பழைய காரில் நான் இப்போது முதலில் செய்வது இதைத்தான், கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

இடது ஹெட்லைட் ஹோல்டரின் எர்த் முனையில் ஊசியை வைத்தேன். எரிந்தது, ஆனால் கொஞ்சம் மஞ்சளாக. பேட்டரி நெகட்டிவில் வைத்துவிட்டு மறுபடி இங்கே வைத்தால் வித்தியாசம் தெரிகிறது, தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இந்த இடத்தில்தான் இந்தச் சாமானின் குறையும் தெரிந்தது: 5 வாட் பல்ப் என்பது வெறும் 0.4 ஆம்பியர், நமக்கு இன்னும் கொஞ்சம் பலமான ஆள் வேண்டும். டூல் பாக்ஸில் கிடந்த பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்புக்கு ஒரு ஹோல்டர், ரெண்டு ஒயர், ரெண்டு கிளிப் போட்டு நானே ஒன்று தயார் செய்தேன். அதை அதே எர்த் முனையில் வைத்தேன். இழை சிவந்தது, அவ்வளவுதான். அணையப் போகிற ஊதுபத்தி மாதிரி ஒரு சிவப்பு. பல்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் மீட்டரை வைத்தால் மறுபடி 12.5. நாலு மாதம் தேடிய ஆள் அங்கே கையும் களவுமாக மாட்டினான்.

அதன் பிறகு மீட்டரிடம் சரியான கேள்வியைக் கேட்டேன். பல்பை மாட்டி, லோ பீமைப் போட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு குச்சியை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பல்பின் எர்த் முனையிலும் வைத்தேன். ஒழுங்கான எர்த் என்றால் இங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 0.1, 0.2 வோல்ட்டுக்குள் வர வேண்டும். எனக்கு 5.8 வந்தது. பேட்டரி தருவதில் ஏறக்குறைய பாதி எர்த் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

அந்த எர்த் ஒயர் ஒரு வளைய முனையோடு முன் சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகட்டில் ஒரு போல்ட்டில் இறுகியிருந்தது. கையால் அசைத்துப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. கழற்றினால், அடியில் அழகான, வழவழப்பான, புது பெயிண்ட். தகட்டின் மேல் பெயிண்ட், அதன் மேல் வளையம், அதன் மேல் போல்ட். மரையின் ஓரத்தில் ஏதோ ஒரு நூலளவு இடத்தில் பெயிண்ட் உரசிப்போய் அந்த வழியாகத்தான் கரண்ட் இத்தனை நாள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் வளையத்தின் அளவுக்கு ஒரு வட்டம் தேய்த்தேன், பெயிண்டுக்கு அடியில் ப்ரைமர், ப்ரைமருக்கு அடியில் சாம்பல் நிறத் தகடு மினுங்கியது. வளையத்தையும் பித்தளை தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.06. லைட் பளீர். நீலப் பொட்டும் காணாமல் போனது.

நீலப் பொட்டு ஏன் எரிந்தது என்பதைச் சொல்லாமல் போனால் எனக்கே நிம்மதி இருக்காது. ஹெட்லைட் பல்புக்குள் லோ பீம் இழை ஒன்று, ஹை பீம் இழை ஒன்று, ரெண்டுக்கும் சேர்த்து எர்த் முனை ஒன்றே ஒன்று. அந்த எர்த் அடைத்துக்கொண்டால், லோ பீம் இழையைத் தாண்டி வந்த கரண்ட் வேறு வழி தேடும். பக்கத்திலேயே ஹை பீம் இழை இருக்கிறது, அதற்குள் புகுந்து பின்பக்கமாக ஓடி, ஹை பீம் ஒயரில் ஏறி, அங்கிருந்து வலது பக்க ஹை பீம் இழை வழியாக நல்ல எர்த்துக்குப் போய்ச் சேரும். அதே ஒயரில்தான் டேஷ்போர்டு நீல விளக்கும் தொங்குகிறது, அதற்கும் ரெண்டரை மூன்று வோல்ட் போய் அதுவும் மினுங்கும். ஆகவே லோ பீமில் நீல விளக்கு மினுங்கினால் ஹெட்லைட் எர்த் போச்சு என்று தைரியமாக முடிவு கட்டலாம். எந்த மீட்டரும் வேண்டாம், எந்தக் காசும் வேண்டாம்.

பின்பக்கம் இதே வியாதி, வேறு வேஷம். ஓட்டுநர் சீட்டில் பிரேக்கை மிதிக்க என் பெண்ணை உட்கார வைத்தேன். "அப்பா, மிதிச்சிட்டேன், எரியுதா?" எரிந்தது, ஆனால் பிரேக் லைட்டோடு பக்கத்தில் இருந்த இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. பார்க்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு இண்டிகேட்டர் போட்டால், டெயில் லைட் எதிர்த்தாளம் போட்டது. இங்கே டெஸ்ட் லேம்ப்பைக்கூட எடுக்கவில்லை. நீளமான ஒரு ஒயரை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் பல்ப் ஹோல்டரின் உலோக உடம்பைத் தொட்டேன். தொட்ட நொடியில் எல்லாம் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தன. எடுத்தால் மறுபடி கூத்து. ஆறேழு தடவை தொட்டு எடுத்து வேடிக்கை பார்த்தோம். கடைசியில் "இன்னும் எத்தனை தடவைப்பா மிதிக்கணும், கால் வலிக்குது" என்று அவள் இறங்கிப் போய்விட்டாள். பின் லைட் கூடு பாடியில் உட்காரும் இடத்திலும் அதே பெயிண்ட்தான், அதே உப்புத்தாள் வைத்தியம்தான்.

அப்படியே ஹோல்டரையும் பார்த்துவிடுங்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் பொதுவான 21/5 வாட் பல்பில் பக்கவாட்டுக் குமிழ்கள் ரெண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, தப்பாக மாட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. என் காரில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு குமிழை அரத்தால் ராவிவிட்டுத் திருப்பி மாட்டியிருந்தார். டெயில் லைட் பிரேக் அளவுக்கும், பிரேக் டெயில் அளவுக்கும் எரிந்தால் பின்னால் வருபவர் பாவம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று தவிப்பவர்களுக்கும் இந்த 21 வாட் பல்ப்தான் மருந்து. எனக்குப் பார்க்கிங் லைட் போட்டால் ஃபியூஸ் போகும். ரெண்டு மூன்று ஃபியூஸைக் காவு கொடுத்த பிறகு, ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த ரெண்டு முனையிலும் பல்பின் கிளிப்களை மாட்டினேன், அந்த லைனில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றி வைத்தேன். ஷார்ட் இருக்கும் வரை இந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் 1.75 ஆம்பியரைத் தாண்டாது, ஒயர் கருகாது. இனி நிதானமாக ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வரலாம், எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஆள் இருக்கிறான். எனக்கு டிக்கி மூடியின் கீலுக்குப் பக்கத்தில் ஒயர் நுழையும் துளையில் இருந்த ரப்பர் வளையம் உதிர்ந்து, தகட்டு விளிம்பு ஒயரின் உறையை அறுத்திருந்தது. டிக்கியை மெதுவாக ஏற்றி இறக்கினால் பல்ப் கண்ணடித்தது.

ஃபியூஸ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் கார்களின் கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகிப் போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இதைத் தெரியாமல் இப்போதைய முறைப்படி 35 என்று எழுதிய ஃபியூஸை வாங்கிப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். ரெண்டு முனையும் கூர்மையான, பீங்கான் உடம்பு வைத்த ஐரோப்பிய ஃபியூஸ் என்றால் வேறு தலைவலி, முனையில் பூஞ்சை பூத்த மாதிரி வெளுத்துப்போய் கரண்ட் போகாது. அந்த இடத்திலேயே விரலால் நாலு சுற்று சுற்றிவிட்டாலே பாதி லைட்டுகள் உயிர் பெறும். நிரந்தரத் தீர்வு இல்லை, ஆனால் ராத்திரியில் வீடு போய்ச் சேரலாம்.

நிறம் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். பிரிட்டிஷ் முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே லைன் ஃபியூஸைத் தாண்டிய பிறகு, நீலம் ஹெட்லைட், நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம், சிவப்பு பார்க்கிங்கும் டெயிலும், கறுப்பு எர்த். சொல்வது சுலபம், அறுபது வருஷத்து எண்ணெய்க்கும் புழுதிக்கும் பிறகு பழுப்பும் சிவப்பும் ஊதாவும் ஒரே அம்மா பிள்ளைகள் மாதிரி இருக்கும். உறைக்குள்ளிருந்து ரெண்டு அங்குலம் வெளியே இழுத்துத் துடைத்துப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். இன்னொன்று, பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். இழை பல்ப் டெஸ்ட் லேம்புக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை, எப்படி மாட்டினாலும் எரியும். 6 வோல்ட் கார் வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் 6 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, ரெண்டு பக்கமும் சமமாக எரிந்தது, ஆனால் ரெண்டும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் சோகமாகத்தான் இருந்தன. இங்கே டெஸ்ட் லேம்ப் ஓய்வு எடுத்துக்கொண்டது, மீட்டர் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் முனைக்கும் நடுவே அளந்தேன்: 1.9 வோல்ட். அடுத்து துண்டு துண்டாக. பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை 0.3, நான் ஆசையாக வாங்கிப் போட்ட புது சுவிட்சுக்குள்ளேயே 0.7, ஹை பீமையும் லோ பீமையும் மாற்ற காலால் மிதிக்கும் டிப் சுவிட்சில் 0.5, மீதி 0.4 ஒயர்களைச் செருகி இணைக்கும், பச்சை பூத்த புல்லட் கனெக்டர்களில். எங்கே எவ்வளவு தொலைகிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல டெஸ்ட் லேம்பால் முடியாது. 13.6 வோல்ட் வர வேண்டிய பல்புக்கு 11.7 வந்துகொண்டிருந்தது. கேட்க ஏதோ கொஞ்சம் குறைவு போலத் தோன்றும், ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும், பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும்.

இதற்காக ஒரு ரெடிமேட் ரிலே கிட் (ரிலே என்றால் சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வாங்கினேன், அதையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். யோசனை நல்ல யோசனை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகப் புது ஒயர் நேராக ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு வரும், 87-லிருந்து நேராக பல்புக்குப் போகும். பழைய ஒயரும் பழைய சுவிட்சும் 85, 86-ல் உள்ள சுருளுக்கு 0.2 ஆம்பியருக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும், வேலை செய்வது ரிலே, சுவிட்ச் வெறும் கங்காணி. போட்ட பிறகு பாசிட்டிவ் பக்கம் தொலைவது 1.9-லிருந்து 0.25-க்கு வந்தது, வெளிச்சம் கணக்குப்படி ஒன்றரை மடங்கு, கண்ணுக்கு அதைவிட அதிகமாகவே பட்டது. ஆனால் கிட்டை வந்தபடியே மாட்டிவிடாதீர்கள். என் கிட்டில் ஒயர் பார்க்கத் தடி, வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு ஒல்லி, சுண்டு விரலுக்குக் கம்பளிச் சட்டை போட்ட மாதிரி. ரெண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைத்திருந்தார்கள், அது போனால் வளைவில் ஒரேயடியாக இருட்டு. நான் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன். ரிலேயில் 87ஏ என்று ஐந்தாவது கால் ஒன்று இருந்தது, அதில் தெரியாமல் மாட்டினால் சுவிட்சை அணைத்தால் லைட் எரியும். எர்த் ஒயரோ குட்டையாக, பக்கத்தில் எங்கே பெயிண்ட் அடித்த தகடு கிடைக்கிறதோ அங்கே மாட்டிக்கொள் என்கிற தோரணையில் வந்தது. அதை நீட்டி நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன்.

ஒரு எச்சரிக்கை, எர்த்தைச் சரி செய்யாமல் ரிலே கிட் போட்டால் காசு போனதுதான் மிச்சம். பாசிட்டிவ் பக்கம் ராஜபாட்டை போட்டுவிட்டு நெகட்டிவ் பக்கம் ஒற்றையடிப் பாதையாக விட்டால் என்ன வெளிச்சம் வரும்? அதே மாதிரி, வோல்ட் எல்லாம் சரியாக வந்தும் லைட் மஞ்சள் என்றால் கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை நிறம் தெரிந்தால் எந்த ஒயரும் காப்பாற்றாது, யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். எல்இடி பல்ப் போட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் இண்டிகேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இண்டிகேட்டரைக் கண்ணடிக்க வைக்கும் பழைய ஃப்ளாஷர் டப்பா சூட்டில் வேலை செய்வது, ரெண்டு 21 வாட் பல்ப் இழுக்கும் 3.5 ஆம்பியரை நம்பித்தான் டிக் டிக் என்கிறது. எல்இடி போட்டால் அது கண்ணடிக்க மறந்துவிடும்.

இனி டெஸ்ட் லேம்பின் குறைகள். கிளிப்பின் ஸ்பிரிங் சொத்தை, பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டுமல்ல, சுத்தமான போல்ட்டிலும் நழுவும். நான் முதல் நாளே கிளிப்பை வெட்டிவிட்டு பெரிதாக ஒன்று போட்டேன். சுருள் ஒயரை இழுத்துப் பிடித்தாலும் பேட்டரியிலிருந்து முன் லைட்டுக்கே திணறித்தான் வருகிறது, டிக்கிப் பக்கம் போக வேண்டும் என்றால் தனியாக நீட்டிப்பு ஒயர் வேண்டும். அப்படி நீட்டாமல் பின்னாலேயே ஏதாவது ஒரு போல்ட்டில் கிளிப்பை மாட்டினால், எந்த எர்த்தைச் சந்தேகப்படுகிறோமோ அதையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். ஊசி நல்ல கூர்மை, ஒயரின் உறையைக் குத்திப் பார்க்க வசதிதான், ஆனால் அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி உள்ளே செம்பு பச்சையாகும், முடிந்தவரை கனெக்டரிலேயே தொட்டுப் பாருங்கள், குத்தினால் டேப் சுற்றுங்கள்.

கடைசியாக, இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. வாங்கி மூன்றாவது வாரம் எங்கே வைத்தாலும் எரியவில்லை. காரில் மொத்த கரண்டும் போய்விட்டது என்று நினைத்து பேட்டரி டெர்மினல் வரைக்கும் கழற்றிப் பார்த்துவிட்டேன். கைப்பிடி மூடி தளர்ந்து, உள்ளே இருக்கும் 5 வாட் பல்ப் லூஸ் காண்டாக்ட். லூஸ் காண்டாக்ட் கண்டுபிடிக்கும் சாமானுக்கே லூஸ் காண்டாக்ட். அதிலிருந்து எங்கே குத்துவதற்கு முன்னாலும் ஒரு தடவை பேட்டரியில் நேராக வைத்து எரிகிறதா என்று பார்த்துவிடுகிறேன், அது வெள்ளையாக எரிந்தால் எப்படி இருக்கும் என்பதும் கண்ணில் பதிந்துவிடுகிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று கிளிப்புக்காகக் குறைத்தது. நான் செய்த 21 வாட் ஒட்டுச் சாமானுக்கு ஐந்தும் கொடுப்பேன், ஆனால் அது விற்பனைக்கு இல்லை. ஸ்பீடோமீட்டர் விளக்கு மட்டும் இன்னும் விட்டுவிட்டு எரிகிறது, டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க இந்த வாரம் முதுகு ஒத்துழைக்கவில்லை.